வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகளையும் உதவிக்கு ஆட்களையும் கூப்பிடுவது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசித்தாயிற்று, கேட்டில் பிளக்ஸ் கட்டியாயிற்று, இனி பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்றுதான் நானும் முதல் வருஷம் நம்பினேன். வந்தவர்கள் ஞாயிறு பள்ளிக்கு எப்போதும் வருகிற அதே பிள்ளைகள்தான். அடுத்த தெருவில் எத்தனையோ பிள்ளைகள் லீவில் சும்மா இருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பொறுப்பை முதன்முறையாக எடுத்திருப்பவர்களுக்காக, அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. நாள் குறியுங்கள்

முழு ஆண்டுத் தேர்வுகள் ஏப்ரலில் முடிந்துவிடும். ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடமும் திறக்கும், எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் வரும். ஆகவே மே இரண்டாம் வாரம் நல்லது. பக்கத்துச் சபையின் தேதியையும், ஊர்க் கோயில் கொடை (திருவிழா) நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொடை நடக்கிற வாரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவது சரியில்லை. நேரம் காலை 9 முதல் 12.30 வரை போதும்.

2. முதலில் ஆசிரியர்களைத் தேடுங்கள்

ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், கூடவே ஒரு உதவியாளர் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு பெரியவர்கள் இல்லாத வகுப்பே இருக்கக் கூடாது. இது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு.

"விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று மைக்கில் சொன்னால், எல்லோரும் வேறு யாரோ கொடுப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். நேரில் போய், பெயர் சொல்லி, ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். "அக்கா, பிரைமரி பிள்ளைகளுக்கு அஞ்சு நாளும் நீங்க கதை சொல்லணும், ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

யாரைக் கேட்பது? பிளஸ் டூ எழுதி முடித்தவர்கள்தான் என் முதல் தேர்வு. கையில் நேரம் இருக்கும், சின்னப் பிள்ளைகளும் அவர்களோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் நீட் எழுதுகிறவர்களைத் தேர்வு முடியும்வரை தொந்தரவு செய்ய வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகளிடம் செமஸ்டர் தேர்வுத் தேதியைக் கேட்டுவிட்டுப் பெயர் எழுதுங்கள். பாடம் நடத்தத் தயங்குகிற அம்மாமாரிடம் சமையலையும், ஓய்வுபெற்ற சார்மாரிடம் பிள்ளைகளை ரோட்டைத் தாண்டிவிடும் வேலையையும் கேளுங்கள். பயறும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) அவித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் எந்த வி.பி.எஸ்ஸும் ஓடாது.

3. நோட்டீஸ்

சின்னதாக இருக்கட்டும். இவ்வளவு போதும்:

"மக்களே, லீவுல ஒரு வாரம் நம்ம சபைக்கு வாங்க! பாட்டு, வேதாகமக் கதை, கைவேலை, விளையாட்டு எல்லாம் உண்டு. எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை. கட்டணம் இல்லை. நாள், நேரம், இடம், பொறுப்பாளர் போன்."

கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் என்றால் மறுபக்கத்தில் மலையாளத்திலும் அடியுங்கள். வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைக்கு, தன்னையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரியும்.

4. வீட்டுக்குப் போங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். காலையில் போனால் பாட்டி மட்டும்தான் இருப்பார். அம்மா அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போயிருப்பார், அப்பா ரப்பர் பால் வெட்டப் போயிருப்பார். மாலை ஐந்தரைக்கு மேல், இரண்டு பேராகப் போங்கள். கூட அந்தத் தெருப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போனால் வாசலிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

சபைக்கு வராத வீட்டிலும் தயங்காமல் கேளுங்கள். மயிலாடிக்கு 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்த காலத்திலிருந்தே நம் பக்கம் சபையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தவை. அந்த வீட்டுப் பாட்டியே எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனெரி சங்கம்) பள்ளியில் படித்தவராக இருக்கலாம். ஆனால் எதையும் மறைக்காதீர்கள். "வேதாகமக் கதையும் ஜெபமும் இருக்கும், உங்களுக்குச் சம்மதம் என்றால் அனுப்புங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விடைபெறுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையைக்கூட உள்ளே உட்கார வைக்காதீர்கள்.

5. பெயர் எழுதுவது

ஒரு நோட்டு போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் போன், ஒவ்வாத சாப்பாடு, கூட்டிப்போக வருகிறவர் யார், பெற்றோர் கையெழுத்து. குளமும் சானலும் (கால்வாயும்) இருக்கிற பாதையில் வருகிற பிள்ளைகளுக்குத் தனி அடையாளம் போட்டு, ஒரு பெரியவரைக் கூடவே நடக்க விடுங்கள். போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

6. முதல் நாளுக்குப் பிறகு

கூப்பிடும் வேலை முதல் நாளோடு முடிவதில்லை. அன்று மாலையே நோட்டைத் திறந்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "நாளைக்கு அவனுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டாம் நாள் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர்களே பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். நோட்டில் நாலைந்து பக்கம் காலியாக விட்டு வையுங்கள்.