வெளிநாட்டுச் சொந்தங்கள் வீட்டில் கோடை விடுமுறை: கேட்காமல் விடுகிற விஷயங்கள்

ஓட்டலில் தங்கி ஊர் சுற்றப் போகும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அதே நாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகிறோம் என்றால் அதில் பாதிகூடக் கேட்பதில்லை. "நம்ம வீடுதானே, போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். இந்தப் பயணங்களில் வரும் சங்கடங்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் தேதி. நமக்கு விடுமுறை என்றால் அவர்களுக்கும் விடுமுறை என்று நினைத்துவிடுகிறோம். ஜூன், ஜூலையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குளிர்காலம். அரசுப் பள்ளிகளுக்குப் பொதுவாக இரண்டு வார இடைவெளிதான். இங்கிலாந்தில் பெரிய விடுமுறை ஜூலை கடைசியில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் பல பகுதிகளில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும். நாங்கள் ஒருமுறை இதைக் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டோம். பெரியப்பா பிள்ளைகள் எப்போது பள்ளியிலிருந்து வருவார்கள் என்று என் பிள்ளைகள் ஜன்னலோரம் காத்துக்கிடந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கோ வீட்டுப்பாடம், தேர்வு. மூன்று வாரம் தங்கியும் எல்லோரும் சேர்ந்து விளையாடக் கிடைத்தது வாரக்கடைசி நாள்கள் ஆறு மட்டுமே. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்து, "பிள்ளைகளுக்கு எப்போது லீவு, உங்களுக்கு ஆபீசில் எத்தனை நாள் லீவு கிடைக்கும்" என்று கேட்டிருக்கலாம்.

அடுத்தது விசாவும் பாஸ்போர்ட்டும். இங்கே நாம் செய்கிற தவறு, அங்கே இருக்கிற சொந்தக்காரர் சொல்வதை மட்டும் நம்புவது. அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அவர் அந்த நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரமாக வசிப்பவராகவோ இருப்பார். அவருக்குப் பொருந்துகிற விதி வேறு, விருந்தினராகப் போகும் நமக்குப் பொருந்துகிற விதி வேறு. பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் நிலைமை வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். குறுகிய காலத்துக்கு வருபவர் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள், விசாவில் அச்சிட்ட கடைசித் தேதி வரை தங்கலாம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை நாட்டுக்குள் நுழையும்போது அதிகாரிதான் தீர்மானிக்கிறார். அது ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கியதும் இணையத்தில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பார்வையாளர் விசாவில் போய்விட்டு உறவினரின் கடையில் நாலு நாள் உட்கார்ந்து உதவுவதும் ஆபத்தான பழக்கம். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் அது வேலையாகவே கருதப்படலாம். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போகிறீர்களா? மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையோடு வைத்திருங்கள், எல்லையில் கேட்கக்கூடும். உறவினரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விமான நிலையத்தில் போன் சார்ஜ் தீர்ந்துபோகும்.

மருந்து விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதில் பெரியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற மாத்திரை இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். சளிக்குப் போடும் சில மருந்துகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஜப்பானுக்குக் கொண்டுபோக முடியாது. கோடீன், டிராமடால் போன்ற வலிநிவாரணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். மாத்திரைகளைக் கடையில் வாங்கிய அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும், வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூலப்பெயரேகூடச் சில சமயம் மாறும்: பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோபென் என்பார்கள்.

"அவசரம் என்றால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பயணக் காப்பீடு எடுக்காமல் போவதை ஏற்கவே முடியாது. மருத்துவமனைச் செலவு நம்மை அழைத்தவர் தலையில் விழும்; அதற்குப் பிறகு அந்த உறவு பழையபடி இருக்காது. ஷெங்கன் விசா கேட்பவர்களுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டாயம் இல்லாத நாடுகளுக்கும் எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அது பணம் தருமா என்று பாருங்கள், அந்த ஒரு வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சொந்தங்களுக்கு ஆசையாகக் கட்டிக்கொண்டு போகும் பொருள்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டும் உணவு, விதை, செடி, மரப்பொருள் எதுவானாலும் படிவத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன. தெரிவித்தால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், நியூசிலாந்தில் உடனடி அபராதமே 400 டாலர்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. அன்று மாலையே விருந்து வைக்கச் சம்மதிக்காதீர்கள். பல மணி நேர வித்தியாசத்தைத் தாண்டி வந்த உடம்பு பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்குத் தோராயமாக ஒரு நாள் ஆகும். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் சிரமம். பிள்ளைகள் நடுராத்திரி விழித்துக்கொண்டு ஓடுவார்கள், காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் அறைக்குள் புரண்டுகொண்டிருப்பார். முதல் இரண்டு நாள் வெளிச்சத்தில் நடமாடிவிட்டு, இரவில் அந்த ஊர் நேரத்துக்குத் தூங்கப் பழகினால் போதும்.

வீட்டுச் செலவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். மூன்று வாரம் நாலு பேர் கூடுதலாகச் சாப்பிட்டால் அவர்கள் மாத பட்ஜெட் என்னவாகும்? பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக வாராந்தரச் சாமான் வாங்கக் கூடவே போய் நீங்கள் பில் கட்டுங்கள், அப்புறம் ஒரு வேளைச் சமையலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காரை எடுப்பதாக இருந்தால், உங்கள் உரிமம் அங்கே செல்லுமா, அவர்கள் இன்சூரன்ஸ் நீங்கள் ஓட்டுவதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். "எடுத்துட்டுப் போ" என்று அவர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது.

எனக்கு மனதில் தைப்பது வேறொரு தவறு. ஐந்து உறவினர் வீடு, மூன்று நகரம், இரண்டு தீம் பார்க் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு போட்டோ, கிளம்பு. யாருடைய வீட்டிலாவது எல்லோரையும் ஒரு நாள் கூட்டிவிட்டால் நாலு நாள் மிச்சமாகும். அந்த நாலு நாளும் வீட்டிலேயே இருங்கள். வயதானவர்கள் முதல் வாரத்தில் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பழைய கதையும் பழைய வருத்தமும் அவசரமில்லாத மதியங்களில்தான் வெளியே வரும். பழைய போட்டோவைக் காட்டி யார் யார் என்று கேட்டு, பெயர்களைப் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்குள் பொதுவான மொழி இல்லையென்றால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீடியோவில் பேச விடுங்கள். அங்கே போய் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாளில் கடைக்குப் போகும் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். அன்று பெட்டியில் துணி அடுக்கும்போது பாட்டி மெல்ல வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். மடித்ததையே திரும்ப மடித்துக் கொடுப்பார். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.