லைனர் வாங்க முதல் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கோ

மவுண்டன் பைக் ஓடுகிற பெடியன்கள் என் தையல் கடைக்கு வந்து கேட்பது அநேகமாக ஒன்றைத்தான்: "அக்கா, இந்த லைனருக்குள்ள இன்னும் கொஞ்சம் பஞ்சு வைச்சுத் தைச்சுத் தாங்கோ." லைனர் என்றால் சைக்கிள் ஓடும்போது களிசானுக்குள் போடுகிற, குந்தும் இடத்தில் நுரைப் பேட் வைத்த இறுக்கமான உள்களிசான். நான் தைத்துக் கொடுப்பதில்லை. நானும் சைக்கிள் ஓடுகிறவள்தான். கந்தளாய்க்கு ஓடி, குளக்கட்டில் கொஞ்சம் நின்று திரும்பினால் எங்கே நோகும், எங்கே உரசும் என்று எனக்குத் தெரியும். பஞ்சு கூடக்கூடச் சுகம் என்பது கடையில் அமத்திப் பார்க்கிற கைக்கு மட்டும்தான்.

மலையில் இறக்கம் இறங்குகிறவர்கள் பெடலில் எழும்பி நின்றபடிதான் பாதித் தூரம் வருவார்கள். எங்கள் திருகோணமலைப் பக்கம் அப்படியில்லை. கந்தளாய் றோட்டும் நிலாவெளி றோட்டும் கிட்டத்தட்டச் சமதரை. கந்தளாய்க்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், முழுக்கக் குந்தியபடியேதான் மிதிக்கிறோம். யானைக்குப் பயந்து நன்றாக விடிந்த பிறகே வெளிக்கிடுவதால் வெயிலுக்கும் தப்ப முடியாது. கச்சான் காலத்தில் போகிற வழி முழுக்க அந்தச் சூட்டுக் காற்று முகத்தில் அடிக்கும். ஆகவே இங்கே ஓடுகிறவருக்கு வேண்டியது இறுக்கமான நுரையும் காற்றுப் போகிற துணியும். தடிப்பு அதற்குப் பிறகுதான்.

பேட்டின் பின்பக்கத்தில், மிகத் தடிப்பான இடத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசியுங்கோ. இரண்டு விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கோ. குந்தினால் பிட்டத்து எலும்பு அதைவிட மோசமாக அமத்தும். நசிந்த நுரை எலும்புக்குக் கீழே தட்டையாகி, இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள மென்மையான சதையைப் போய்த் தள்ளும். விறைப்பு, அதாவது அந்த இடம் மரத்துப்போவது, வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல பேட் ஒரே தடிப்பாக இருக்காது. எலும்பு படும் இரண்டு இடமும் இறுக்கமாகவும், நடுவில் பள்ளம் விட்டும், ஓரம் போகப்போக மெலிந்தும் இருக்கும். ஓரம் சட்டென்று வெட்டின மாதிரி முடிந்தால் தொடையில் அதன் அடையாளம் விழும்.

உங்கள் எலும்பு எங்கே படுகிறது என்று பார்ப்பது இலேசு. காட்போட் பெட்டி மட்டையைச் சீமெந்துப் படியில் வைத்து, முன்னால் கொஞ்சம் சாய்ந்து அமர்ந்து எழும்புங்கோ. இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அந்த அளவைப் பேட்டில் வைத்துப் பாருங்கோ. பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி அகலம். அதனால் ஆண்களின் லைனரைச் சிறிய சைஸில் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், பேட்டின் வடிவமே வேறு.

அடுத்தது தையல். உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, மூட்டுகளில் நகத்தை ஓட்டுங்கோ. நகம் தடக்கினால் அது ஓவர்லொக் விளிம்பு. அவசரச் சட்டைக்கு அது போதும், தொடையிடுக்குக்குக் கூடாது. இரண்டு துண்டும் தட்டையாகப் படுக்கும் பிளாட்லொக் தையல்தான் வேண்டும். கவட்டில் நாலு மூட்டும் ஒரே புள்ளியில் சந்திக்கிறதா என்றும் பாருங்கோ. சந்தித்தால் அங்கே ஒரு முடிச்சு நிற்கும். கெட்டிக்காரத் தையற்காரர் கவட்டில் தனித்துண்டு வைத்து அதைத் தவிர்த்திருப்பார். கால் விளிம்பில் ஒட்டுகிற சிலிக்கன் பட்டி எனக்குப் பிடிக்காது, வியர்வையோடு கடிக்கும். அகலமான இலாஸ்டிக் பட்டி போதும்.

பார்சலில் எடுப்பவர்கள் எஸ், எம், எல் எழுத்தை நம்பாமல் டேப்பால் அளவுங்கோ. இடுப்பை மட்டுமல்ல, பின்பக்கம் அதிகம் புடைத்த இடத்தையும். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் சிறியதை எடுக்கலாம், துணி இழுபடும். தளர்ந்த லைனர் உடம்போடு வராமல் தனியே அசையும், புண் வருவது அதனால்தான். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நேரே நின்றால் பிள்ளைக்கு நப்பி கட்டினது போலத்தான் தெரியும், அது பரவாயில்லை. கைபிடியைப் பிடிக்கிற மாதிரிக் குனிந்து பாருங்கோ. அந்த நிலையில் மடிப்பு விழாமல் ஒட்டி இருந்தால் சரி.

வெட்கப்பட்டு யாரும் கேட்காத விடயம்: லைனருக்குள் ஜட்டி போடக்கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைக்கும், அதன் தையல்தான் முதலில் அறுக்கும். லைனரே உள்ளாடை. வலைத்துணி என்பதால் மேலே தளர்ந்த களிசான் ஒன்று கட்டாயம். பெண்களுக்கு இதில் ஒரு வசதி, முழங்காலுக்குக் கீழே வரும் எந்தத் தளர்ந்த உடுப்பையும் மேலே போடலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. தோளில் மாட்டும் வார் வைத்த லைனரும் வருகிறது. வயிற்றை இறுக்காது, உண்மைதான். ஆனால் வழியில் ஒதுங்க வேண்டி வந்தால் மேலுடுப்பையும் கழற்ற வேண்டும்.

நிலாவெளியில் ஓட்டம் முடிந்ததும் அப்படியே கடலில் இறங்கும் பழக்கத்தை விடுங்கோ. மணல் பேட்டுக்குள் போனால் இலேசில் வெளியே வராது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, அன்றைக்கே உள்பக்கம் வெளியே வர மெல்லிய சவர்க்காரத்தில் கழுவுங்கோ. கொம்போர்ட் போன்ற மணத் திரவம் வேண்டாம், நூலில் படிந்து வியர்வையை இழுக்க விடாது. கிணறு சவர்த்தண்ணியென்றால் கடைசி அலசலாவது நல்ல தண்ணியில். பேட்டை முறுக்கக்கூடாது, துவாயில் சுற்றி அமத்தி, காற்றுப்படும் நிழலில் போடுங்கோ. மார்கழி மழையில் தடித்த பேட் ஓர் இரவில் காயாது. அந்த நாட்களில் மாற்றிப் போட இரண்டாவது ஒன்று வைத்திருப்பது புத்தி.

எல்லாம் சரியாக இருந்தும் விறைப்பு நிற்கவில்லையென்றால் லைனரைத் திரும்பத் திரும்ப மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். சீற்றின் மூக்கு மேல்நோக்கி நிற்கிறதா, சீற் உயரம் கூடி இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்று பின்னால் வருகிற ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கோ.