பித்தப்பையை எடுத்த பிறகு வாழ்வது எப்படி: பத்தியம் முதல் எம்ஆர்ஐ வரை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். முட்டை தொடக்கூடாது, தேங்காய் ஆயுளுக்கும் கூடாது, நெய் வாசனைகூட ஆகாது என்று பட்டியல் நீளும். முக்கால்வாசி தேவையே இல்லை. ஆனால் யாருமே எடுத்துச் சொல்லாத, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

முதலில் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லி வரை வாங்கி வைத்து, கெட்டியாக்கி, எண்ணெய்ப் பண்டம் உள்ளே போனதும் பிழிந்து விடும், அவ்வளவுதான் அதன் வேலை. இப்போது அது இல்லாததால், மாடியில் டேங்க் இல்லாத வீட்டில் மோட்டார் தண்ணீர் நேராகக் குழாய்க்கு வருவது மாதிரி, பித்தநீர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். கொழுப்பைச் செரிக்கும் சக்தி போய்விடவில்லை, ஒரே நேரத்தில் மொத்தமாகக் கிடைத்த பித்தநீர்தான் இல்லை. சாப்பாட்டு விதி எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்த ஆபரேஷன் என்றால் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் கேஸ் சிலிண்டர், 20 லிட்டர் தண்ணீர் கேன் போன்றவற்றை 4 முதல் 6 வாரம் தூக்க வேண்டாம், தொப்புள் பக்கம் போட்ட துளை வழியாகக் குடலிறக்கம் வரலாம். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள்.

முதல் சில வாரங்களுக்கு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர், வேகவைத்த காய், எண்ணெய் குறைவாகச் செய்த மீன் என்று போகட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு நாள் தேங்காய்ச் சட்னி, இரண்டு நாள் விட்டு ஒரு முட்டை, பிறகு சாம்பார் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் சில வாரம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். எல்லோருக்கும் பொருந்துகிற தடைப்பட்டியல் என்று ஒன்று கிடையாது.

நீண்ட நாளைக்கு நினைவில் வைக்க வேண்டியது, எண்ணெயை ஒரே வேளையில் கொட்டாமல் நாள் முழுக்கப் பரப்புவது. மதியம் பிரியாணி என்றால் இரவு இட்லி. காலையில் நெய்ப் பொங்கலோடு வடையும் சேர்த்துச் சாப்பிட்டால் பத்து மணிக்கு வயிறு உப்பும், அல்லது பாத்ரூமுக்கு ஓட வைக்கும். பரோட்டா சால்னா சாப்பிடவே கூடாதா என்றால் சாப்பிடலாம், நாலு வேண்டாம், ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். காலையில் வெறும் காபியோடு மதியம் இரண்டு மணி வரை ஓட்டிவிட்டு ஒரேயடியாகச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். விரதம் இருக்கிறவர்கள் இருக்கலாம், முடிக்கும்போது பஜ்ஜி, சமோசாவில் ஆரம்பிக்காதீர்கள்.

எடை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பு பித்தப்பைக் கல் வலிக்குப் பயந்து அளவாகச் சாப்பிட்டவர்கள், வலி போனதும் விட்டதையெல்லாம் பிடிக்க ஆரம்பிப்பார்கள், ஒரு வருடத்தில் பேன்ட் இறுக்கமாகும். உடல் பருமனும் சர்க்கரையும் கல் வருவதற்குத் துணைபோகிறவை. பித்தப்பை போனாலும் அவை அப்படியே இருக்கும், கூடவே கொழுப்புக் கல்லீரலையும் கொண்டுவரும். எனவே எடை, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் மறைக்கிற தொல்லை பேதி. சாப்பிட்டு எழுந்ததும் அவசரம், காலையில் மூன்று நாலு தடவை, பஸ் பயணம் என்றாலே பயம். பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் பித்த அமிலம் அங்கே தண்ணீரை இழுத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. பலருக்குச் சில வாரத்திலோ சில மாதத்திலோ தானாக அடங்கிவிடும், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். வெறும் வயிற்றுக் காபியை நிறுத்திப் பாருங்கள், எண்ணெயைக் குறையுங்கள், ஓட்ஸ், வாழைப்பழம், தண்ணீரில் கலந்த இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குடல் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கோலஸ்டைரமின் என்ற பொடி இருக்கிறது, பலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் அது மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துவிடும், அதனால் தைராய்டு மாத்திரை போன்றவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும்.

எல்லாப் பழியையும் பித்தப்பைமேல் போடவும் வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே பேதி கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவை இருந்தால் இசப்கோலோடு நிற்காமல் பரிசோதனைக்குப் போங்கள்.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம். "பையையே எடுத்தாச்சே, இனி கல் எங்கே வரும்?" என்று கேட்பார்கள். வரும். ஆபரேஷனுக்கு முன்பே பித்தக்குழாய்க்குள் நழுவிய கல் அங்கேயே தங்கியிருக்கலாம், வருடங்கள் கழித்துப் புதிதாகவும் உருவாகலாம். பழைய வலி மாதிரியே மேல்வயிற்றில் வலது பக்கம் அல்லது நடுவில் வலி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போவது, மலம் வெளுத்துப்போவது, உடம்பெல்லாம் அரிப்பு, இவைதான் அடையாளம். நம் ஊரில் கண் மஞ்சளானால் நேராகக் கீழாநெல்லிச் சாறுக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் போகிற வழக்கம் இருக்கிறதே, இந்த இடத்தில் அது ஆபத்து. குழாயை அடைத்த கல்லைச் சாறு கரைக்காது, நாள்தான் வீணாகும். கூடவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இருந்தால் பித்தக்குழாயில் தொற்று என்று அர்த்தமாகலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்டில் குழாய்க் கல் சில சமயம் தப்பிவிடும், அதனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் பித்தக்குழாயைக் காட்டும் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுப்பார்கள். கல் இருந்தால் பெரும்பாலும் மறுபடி கத்தி தேவையில்லை, வாய் வழியாகக் குழாய் விட்டு இஆர்சிபி முறையில் எடுத்துவிடுவார்கள்.

முதுகு வரை பாயும் கடுமையான வலியும் தொடர் வாந்தியும் வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். நடுத்தர வயது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் மேல்வயிற்று வலியை "கேஸ்" என்று முடிவுகட்டி சோடா குடிக்காமல் முதலில் ஒரு இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், மாரடைப்பாகவும் இருக்கலாம்.

கடையில் விற்கும் லிவர் டீடாக்ஸ் பானம், ஆலிவ் எண்ணெயோடு எலுமிச்சைச் சாறு குடித்துக் கல்லை வெளியேற்றும் வைத்தியம், இரண்டுமே காசுக்குக் கேடு. எண்ணெய் குடித்தபின் மலத்தில் வருகிற பச்சை உருண்டைகள் பெரும்பாலும் அந்த எண்ணெயே குடலுக்குள் சோப்பு மாதிரி திரண்டதுதான். வைட்டமின் மாத்திரையும் எல்லோருக்கும் தேவையில்லை, ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் எடுத்தால் போதும்.

கடைசியாகக் காகித வேலை. எடுத்த பித்தப்பையைப் பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், தையல் பிரித்ததோடு மறந்துவிடாதீர்கள். வெளியே தெரியாத புற்றுநோய் எப்போதாவது அதில்தான் முதன்முதலாகத் தெரியவரும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் போனில் படமெடுத்து வையுங்கள். பித்தப்பையை எடுக்கும்போது அதன் குழாயை மூட உள்ளே வைக்கும் கிளிப் பெரும்பாலும் டைட்டானியம், அது எம்ஆர்ஐக்குத் தடையில்லை. இருந்தாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி அந்தத் தாளைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள்.