கோழி இறக்கையை வைத்து டைனோசர் வரைவது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தியிருந்தோம். சாலைக்காக வெட்டியிருந்த பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதுக்குள்ள டைனோசர் எலும்பு இருக்குமா?"

இருக்காது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டு. டைனோசர்கள் தலைகாட்டியதே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பையன் முகம் தொங்கிப்போனது. சரி, வரைந்தாவது பார்ப்போம் என்று வீட்டில் உட்கார்ந்தோம். அந்தச் செய்முறைதான் இது.

நாங்கள் எடுத்துக்கொண்டது டினேயோபெல்லேட்டர். இறகுள்ள வேட்டை டைனோசர், வெலாசிராப்டர் என்ற இன்னொரு டைனோசருக்குச் சொந்தக்காரன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2008-ல் முதல் துண்டுகள் கிடைத்தன, 2020-ல் பெயர் வைத்தார்கள். அந்தப் பகுதிப் பழங்குடியினரான நவஹோ மக்கள் தங்களை 'டினே' என்பார்கள். 'பெல்லேட்டர்' லத்தீனில் போர்வீரன். கிடைத்தவை இருபது சொச்சம் எலும்புகள், பாதி உடைசல்.

தேவையானவை: ஏ4 தாள், கருப்புப் பென்சில், பழுப்புப் பென்சில், ஸ்கேல், நாட்டுக்கோழி இறக்கை ஒன்று.

படி 1: இறக்கையை வேகவைப்பது

குழம்பில் போட்டதை எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் எடுத்தேன்; குக்கரில் ஐந்து விசில் கேட்ட எலும்பு, விரல் பட்டதும் பொடிந்தது. திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீரில் சதை கழலும் வரை வேகவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நடுப்பகுதியில் இரண்டு எலும்புகள் இருக்கும். தடித்து, லேசாக வளைந்திருப்பது முழங்கை எலும்பு. அதன் பின்விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். சின்னச் சின்ன மேடு தட்டுப்பட்டால், பெரிய இறகுகள் வேர் பிடித்த இடம் அதுதான்.

கோழிக்கு இது மங்கல்தான். எங்களுக்கு இரண்டாவது இறக்கையில்தான் தட்டுப்பட்டது. மேடு தெரியாத முதல் கோழிக்கும் இறகு இருந்ததே! அதனால் மேடு இல்லாத டைனோசரை மொட்டை என்று சொல்லிவிட முடியாது. டினேயோபெல்லேட்டரின் முழங்கை எலும்பில் இந்த மேடுகள் இருக்கின்றன. இறகின் சுவடே கிடைக்காமல் அதை இறகுள்ளது என்று சொல்வது இதை வைத்துத்தான். வெலாசிராப்டருக்கும் 2007-ல் இதே சாட்சிதான்.

படி 2: அளவு

நீளம் சுமார் 2 மீட்டர், எடை 20 கிலோ சுற்றுவட்டம். பத்தில் ஒரு பங்கு என்றால் 20 செ.மீ., தாளை அகலவாட்டில் வைத்தால் அடங்கும்.

படி 3: இருப்பது கருப்பு, கடன் பழுப்பு

எனக்கு இதுதான் முக்கியமான படி. கிடைத்த எலும்பை மட்டும் கருப்பில் போடுங்கள்: மண்டை ஓட்டுத் துண்டுகள், சில பற்கள், வலது மேல்கை, முழங்கை, கை நகம், தொடை எலும்பில் ஒரு பகுதி, சில வால் முள்ளெலும்புகள், விலா போன்றவை. மற்றதெல்லாம் வெலாசிராப்டரிடம் வாங்கிய கடன், பழுப்பு. முடித்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். படத்தில் பெரும்பகுதி பழுப்பாகத்தான் இருக்கும். இணையத்தில் உலவும் பளபளப்பான படங்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதே இல்லை.

படி 4: கை, கால், வால்

உள்ளங்கைகள் கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்க்கட்டும். இறகு முழங்கையோடு நின்றுவிடக் கூடாது, இரண்டாம் விரல் வரை போக வேண்டும்; இல்லையென்றால் கிழிந்த சட்டைக் கை மாதிரி தொங்கும். காலின் இரண்டாம் விரலைத் தரையில் படாமல் தூக்கி வையுங்கள். வால் அடியில் நன்றாக வளையும், அதற்கப்புறம் விறைப்பு.

படி 5: தழும்பு

ஒரு விலா முறிந்து ஆறியிருக்கிறது. கை நகத்தில் ஒரு கீறல். இன்னொரு டினேயோபெல்லேட்டரோடு சண்டை போட்டதில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டும் கருப்பு.

படி 6: நிறம்

இதற்குச் சாட்சி கிடையாது, முழுக்க நம் இஷ்டம். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டு நடக்கும் செம்போத்தைப் பார்த்து வரைந்தோம்: கரிய உடல், செங்காவி இறக்கை. பையன் கண்ணையும் அதேபோல ரத்தச் சிவப்பாக்கினான். பக்கத்தில் பழுப்புப் பென்சிலால் 'கடன்' என்று எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினான்.