போர் நடக்கும் ஊரில் கடற்கரை ஹோட்டல்: அறை எடுப்பது முதல் வெளியேறுவது வரை

மொகடிஷு (சோமாலியா), ஒடெசா (உக்ரைன்), பெய்ரூட் (லெபனான்) போன்ற ஊர்களுக்கு வேலையாகப் போகிறவர்களைப் பெரும்பாலும் கடலோர நட்சத்திர ஹோட்டலில்தான் தங்கவைப்பார்கள். காவலும் ஜெனரேட்டரும் அங்கேதான் உண்டு. ஆனால் கூடுதல் வாடகை வாங்கித் தரும் வசதிகளே (உயர்ந்த மாடி, சுவரளவு கண்ணாடி, கடலைப் பார்த்த பால்கனி) தாக்குதல் நேரத்தில் ஆளைக் காயப்படுத்துகின்றன. அதனால் எந்த அறை என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

வண்டிகளைச் சோதிக்கும் வாசல் கட்டடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று முதலில் விசாரியுங்கள். வெடியின் அழுத்தம் தூரத்தோடு வேகமாகக் குறையும். தூரம் இரட்டித்தால் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். 2020 ஆகஸ்டில் மொகடிஷுவின் லிடோ கடற்கரையில் எலீட் ஹோட்டல் தாக்கப்பட்ட விதம் அந்த ஊரில் பலமுறை நடந்ததுதான்: வாசலில் கார் குண்டு, அந்தக் குழப்பத்தில் துப்பாக்கியோடு ஆட்கள் உள்ளே. வரவேற்பறைக்கு மேலேயும், கார் வந்து நிற்கும் முகப்புக்கு மேலேயும் இருக்கும் அறைகள் வேண்டாம்.

மாடி 2 முதல் 4-க்குள் இருக்கட்டும். தரைத்தளத்தில் ஜன்னல் வழியே நுழைவது எளிது. மிக உயரத்தில் தீயணைப்பு ஏணி எட்டாது. சுற்றுப்புறத்தைவிட ஓங்கி நிற்கும் கட்டடத்தையே தவிர்ப்பது நல்லது. பெய்ரூட்டில் 1974-ல் திறந்த ஹாலிடே இன், மறுவருடமே உள்நாட்டுப் போரில் சண்டைக்களமானது. உச்சியிலிருந்து நகரைக் குறிபார்க்கலாம் என்பதற்காகவே இரு தரப்பும் அதைக் கைப்பற்றப் போராடின.

கடல் பக்கத்தைப் பாதுகாப்பான பின்புறம் என்று நம்பிவிடாதீர்கள். 2015-ல் துனிசியாவின் சூஸிலும், 2016-ல் ஐவரி கோஸ்டின் கிராண்ட் பாஸாமிலும் துப்பாக்கிச் சூடு தொடங்கியது கடற்கரை மணலில். 2008-ல் மும்பை தாஜ் ஹோட்டலைத் தாக்கியவர்களும் ரப்பர் படகில்தான் கரையேறினார்கள். உள்முற்றத்தையோ பக்கவாட்டையோ பார்த்த அறையே நமக்கு ஏற்றது. கடற்கரைப் பக்கக் கதவை இரவில் யார் காவல் காக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். அவசர வழிக் கதவுகளையும் கையால் திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது திருட்டுக்குப் பயந்து சங்கிலி போட்டிருப்பார்கள்.

இனி கண்ணாடி. வெடிக்குத் தப்பியவர்கள்கூடப் பறக்கும் சில்லுகளால் பார்வையை இழக்கிறார்கள். குறுக்கே டேப் ஒட்டுவதால் பெரிய பயனில்லை. பொடிச் சில்லுக்குப் பதில் பெரிய துண்டுகள் பறக்கும், அவ்வளவே. உட்புறம் ஒட்டும் பாதுகாப்புப் படலம் குறைந்தது 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) தடிமன் வேண்டும்; தரையிலிருந்து கூரைவரை நிற்கும் கண்ணாடிக்கு 175 மைக்ரான். ஓரங்கள் உரிந்திருந்தால் சொல்லி மாற்றச் செய்யுங்கள். கனத்த திரைச்சீலையை எப்போதும் மூடியே வையுங்கள், கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். வெளியே ஒளியோ புகையோ தெரிந்தால் எட்டிப் பார்க்கவே கூடாது. 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகப் புகையை ஜன்னலோரம் நின்று பார்த்தவர்கள் பலர் அடுத்து வந்த பெருவெடிப்பில் சிக்கினார்கள்.

ஏவுகணை, ட்ரோன் அபாயம் உள்ள ஒடெசா போன்ற ஊரில் சைரன் கேட்டதும் நிலவறைக்கு இறங்க வேண்டும். 2025 ஜனவரி 31-ல் அங்கே பழம்பெரும் பிரிஸ்டல் ஹோட்டலே அடிபட்டது. இறங்க நேரமில்லையென்றால் உங்களுக்கும் வெளிக்கும் இடையே இரண்டு சுவர் இருக்கும் நடைவழியில் தாழ உட்காருங்கள்: முதல் சுவர் வெடியைத் தாங்கும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும்.

ஆட்கள் சுட்டுக்கொண்டே நுழைந்தால் கணக்கு வேறு. தப்பும் வழி நிச்சயமாகத் தெரிந்தால் ஓடுங்கள். தெரியாவிட்டால் கதவைப் பூட்டி, அடியில் ரப்பர் ஆப்பு செருகி, கனமான மேசையை முட்டுக்கொடுங்கள். கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால் மட்டுமே ஆப்பு பயன்படும். விளக்கையும் டிவியையும் அணையுங்கள். போனில் அதிர்வையும் நிறுத்துங்கள். தாஜில் நடந்ததுபோல் தீ வைக்கவும் கூடும். நனைத்த துண்டைக் கதவிடுக்கில் திணித்தால் புகை உள்ளே வருவது குறையும். முதல் வெடி ஓய்ந்ததும் முற்றத்துக்கு ஓடாதீர்கள், கூட்டம் சேரும் இடத்தில் இரண்டாவது வெடிக்கலாம்.

கூட்டம் குறைவான நேரத்தில் சாப்பிடுங்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் ஷாங்ரிலாவில் தற்கொலைக் குண்டுதாரிகள் வந்தது காலை உணவுக் கூடத்துக்கு.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று மூன்று நாளைக்கு அறையில் வையுங்கள். கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஹோட்டலில் மின்சாரம் போனால் குழாயும் நிற்கும். பதற்றம் தெரிந்தவுடன் குளியல் தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

வெளியேறுவதுதான் மிகக் கடினமான முடிவு. 2021 மார்ச்சில் மொசாம்பிக்கின் பால்மாவில் அமருலா ஹோட்டலில் முற்றுகையில் இருந்தவர்கள் 17 வண்டிகளில் கிளம்பினார்கள். வழியில் பதுங்கியிருந்தவர்கள் தாக்கியதில் 7 வண்டிகளே தப்பின. சாலையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வண்டி எடுக்காதீர்கள். படகுதான் வழியென்றால் கடல் ஏறி வற்றும் நேரத்தை முன்பே குறித்து வையுங்கள். அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் படகு தொலைவில் நின்றுவிடும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துதான் ஏற வேண்டியிருக்கும். பாஸ்போர்ட், போன், மருந்து மூன்றையும் நீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். பெட்டியை அறையிலேயே விட்டுவிடுங்கள்.