டிரெயினரில் ஏற்றும் சைக்கிளுக்கு எந்த டயர்?

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை குழுவில் பாதிப் பேர் ஈ.சி.ஆர். பக்கம் போவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் டிரெயினரை, அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியை, எடுத்து வைத்துவிடுவார்கள். உடனே போன் வரும். "அக்கா, இதுக்குன்னு தனியா டயர் வாங்கணுமா? இருக்கிறதே போதுமா?" எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடிவதில்லை. டிரெயினர் என்ன வகை, சைக்கிள் என்ன வகை, வாரத்தில் எத்தனை நாள் மிதிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை நேராக டிரெயினரில் இருக்கும் கேசட்டில் (பற்சக்கர அடுக்கில்) மாட்டுகிற வகை என்றால் உங்களுக்கு டயர் கவலையே இல்லை. முன் டயர் சுற்றப் போவதில்லை, அது எதுவாக இருந்தாலும் சரி. பின் சக்கரம் அப்படியே இருந்து, டயர் ஒரு சின்ன உலோக உருளையில் அழுந்திச் சுற்றுகிற வகை என்றால் மேலே படியுங்கள்.

சாலை தட்டையானது. டயர் அதன்மேல் கொஞ்சம் அமுங்கி, அகலமாகப் பதிந்து உருளும். டிரெயினர் உருளையோ கைப்பிடிக்குள் அடங்குகிற பருமன்தான். அது டயருக்குள் குழி விழுகிற மாதிரி அழுத்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் சட்டென்று வளைந்து நிமிர வேண்டும். அதில் சூடு பிறக்கும். வெளியே ஓட்டும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், அறைக்குள் அதற்கு வழியில்லை. சாலை டயரின் ரப்பரை ஈரத்திலும் பிடிக்க வேண்டும் என்று மென்மையாகச் செய்கிறார்கள். அந்த மென்மைதான் இங்கே எதிரி. ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு டயரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். உருளைக்குக் கீழே தரையில் ஒரு துணியால் துடைத்தால் கரி மாதிரி கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அது உங்கள் டயர்தான்.

டிரெயினருக்கென்றே வரும் டயரில் ரப்பர் கடினமானது, சூட்டைத் தாங்கும். மேல்பரப்பில் எந்தக் கோடும் பள்ளமும் இல்லாமல் வழவழப்பாக இருப்பதால் சத்தமும் குறைவு. கான்டினென்டல் ஹோம்டிரெயினர், விட்டோரியா சாஃபிரோ ஹோம் டிரெயினர், டாக்ஸ் நிறுவனத்தின் நீல நிற டயர் எல்லாம் இந்த இனம்.

எல்லாரும் இதை வாங்க வேண்டுமா? வேண்டாம். மழை விடாத வாரத்தில் மட்டும் ஒன்றிரண்டு நாள் மிதிப்பவர் என்றால், சாலையிலிருந்து ஓய்வு கொடுத்த பழைய வழவழப்பு டயர் ஒன்றே தாராளமாகப் போதும். நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிப்போன டயர் சாலைக்கு ஆகாது, டிரெயினருக்கு அதுவே நன்றாக உட்காரும். ஆனால் "பழசுதானே" என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். காற்றை முழுக்க இறக்கி, டயரைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கத்தை வெளியே மடித்துப் பாருங்கள். வெட்டு இருக்கும் இடம் வாய் பிளக்கும். அதில் கண்ணாடித் துணுக்கோ ஜல்லிப் பொடியோ மாட்டியிருந்தால் ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உருளையில் கீறல் விழும். உள்ளே நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் வெடிப்போ புடைப்போ இருந்தாலோ குப்பைக்குத்தான். டிரெயினரில் டயர் வெடித்தால் விழமாட்டீர்கள், ஆனாலும் மூடிய அறைக்குள் அந்தச் சத்தம் சாதாரணமானது இல்லை. குழந்தை தூங்கும் வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வாரம் மூன்று நாலு நாள், மாதக்கணக்கில் மிதிக்கப் போகிறீர்கள் என்றால் தனி டயர் வாங்குங்கள். பந்தயத்துக்கு வாங்கிய விலை உயர்ந்த மெல்லிய டயரை உருளையில் தேய்ப்பது காசைக் கரியாக்குவது. பருத்தி நூலில் நெய்த டயர், லேடக்ஸ் டியூப், உள்ளே திரவம் ஊற்றிய டியூப்லெஸ் ஆகியவற்றையும் உருளைக்குக் கொண்டுவராதீர்கள். சாதாரண பியூட்டைல் டியூப்தான் இதற்கு ஏற்றது.

எம்.டி.பி., அதாவது மலைப்பாதைக்கான மவுண்டன் பைக், வைத்திருப்பவர்களுக்கு இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் டயரை உருளையில் வைத்தால் ஹெலிகாப்டர் மாதிரி அலறும், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார், டயரும் மளமளவென்று தேயும். உங்கள் அளவிலேயே வழவழப்பான டயர் கிடைக்கும். ஆனால் அளவு பார்த்து வாங்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

கடையில் போய் "26 இஞ்ச் டயர்" என்று கேட்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 50-559 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். எம்.டி.பி.யில் 26 என்றால் 559. ஊரில் ஓடும் சாதாரண சைக்கிள்களில் 26×1 3/8 என்று போட்டிருந்தால் அது 590. பெயரில் இரண்டும் 26தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. 27.5 என்பது 584. ரோடு பைக், ஹைபிரிட் (ரோடு பைக்குக்கும் எம்.டி.பி.க்கும் இடைப்பட்டது) இரண்டிலும் வரும் 700சி என்பது 622. 29 என்று சொல்லும் எம்.டி.பி.யும் அதே 622தான். அதற்காக 29 சைக்கிளின் அகலமான ரிம்மில் 23 மில்லிமீட்டர் டயரை மாட்டிவிடாதீர்கள். விட்டம் பொருந்தினாலும் அகலம் பொருந்தாது, விளிம்பு சரியாகப் பிடிக்காது. 29க்கென்று வரும் அகலமான டிரெயினர் டயரையே கேளுங்கள். உங்கள் டிரெயினர் எவ்வளவு அகல டயர் வரை ஏற்கும் என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் காரர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. 700×35 டயரின் நடுவில் தொடர்ச்சியாக ஒரு வழவழப்பான பட்டை ஓடினால் அப்படியே பயன்படுத்தலாம்.

அடுத்தது, டிரெயினர் டயரைச் சாலைக்கு எடுத்துப் போகவே கூடாது. கடினமான ரப்பர், பிடிமானம் கிடையாது, ஈரச் சாலையில் திருப்பத்தில் வாரிவிடும். தயாரிப்பவர்களே சாலைக்கு ஆகாது என்று எச்சரிக்கிறார்கள். ஞாயிறு வெளியே, மற்ற நாள் உள்ளே என்று இருப்பவர் வாராவாரம் டயர் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பழைய பின் சக்கரம் வாங்கி அதில் மாட்டி வைத்துவிடுவது நல்லது. அதில் போடும் கேசட்டில் உங்கள் சைக்கிளில் இருப்பது போலவே எட்டோ ஒன்பதோ பத்தோ அதே எண்ணிக்கைப் பற்சக்கரங்கள் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் அந்தச் சக்கரத்துக்கு டிஸ்க் போடவில்லை என்றால் பிரேக் பேடுகளுக்கு நடுவே அதற்கான பிளாஸ்டிக் கட்டையைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடித்தால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் ஸ்போக்கில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வையுங்கள், விடியற்காலை நாலரை மணி இருட்டில் அவசரமாகக் கிளம்பும்போது எது எது என்று குழம்பாது.

டிரெயினர் டயர் விறைப்பானது, மாட்டுவதற்குள் கட்டைவிரல் சிவந்துவிடும். மொட்டை மாடியில் வெயிலில் கால் மணி நேரம் போட்டு எடுங்கள், ரப்பர் இளகிக் கொடுக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். ஏற்றிக்கொண்டே வரும்போது ஏற்கெனவே ஏறிய விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள், கடைசி நாலு விரற்கடைக்கு இடம் கிடைப்பது அதில்தான். இரும்பு லீவர் வேண்டாம், டியூபைக் கடித்துவிடும்.

காற்று விஷயத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மீட்டர் வைத்த பம்பு வேண்டும். 25 மில்லிமீட்டர் ரோடு டயருக்கு 90 முதல் 100 பி.எஸ்.ஐ. என்பது வழக்கம். அகலமான டயருக்கு அதைவிட நன்றாகக் குறையும். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தொடாமல் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள், சூடேறும்போது அழுத்தம் தானாகவே கூடும். டியூபில் காற்று நாளுக்கு நாள் இறங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் பாருங்கள்.

எண்களை நம்பிப் பயிற்சி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உருளை வகை டிரெயினரில் பெரும்பாலும் உங்கள் வாட் கணக்கு, அதாவது நீங்கள் எவ்வளவு சக்தியோடு மிதிக்கிறீர்கள் என்ற எண், உருளையின் வேகத்திலிருந்து வருகிறது. நேற்று 95, இன்று 75 என்று காற்று இருந்தால், அதே கால் வலி, வேறு எண். அதே டயர், அதே அழுத்தம், உருளையை டயரோடு அழுத்தும் திருகும் அதே இறுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மிதித்து டயர் சூடான பிறகுதான் டிரெயினருக்கு அளவுதிருத்தம் (கேலிபிரேஷன்) செய்ய வேண்டும். வேக சென்சார் மட்டும் வைத்திருந்தால் ஆப்பில் சக்கரச் சுற்றளவையும் மாற்றுங்கள்: 700×23க்கு 2096 மில்லிமீட்டர், 25க்கு 2105, 28க்கு 2136.

எழுந்து நின்று ஓங்கி மிதிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்து பெடல் சட்டென்று இலகுவானால் டயர் வழுக்குகிறது. உடனே திருகை முறுக்காதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து டயரையும் உருளையையும் துடையுங்கள். புது டயராக இருந்தால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். டயரைப் பளபளப்பாக்கும் ஸ்ப்ரே பக்கத்திலேயே வரக்கூடாது. துடைத்தும் வழுக்கினால் மட்டும் கால் திருகு இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் சூடும் தேய்மானமும்தான் கூடும்.

மிதித்து முடித்ததும் உருளையை டயரிலிருந்து விலக்கிவிடுங்கள். அப்படியே நாள்கணக்கில் அழுந்திக் கிடந்தால் டயரில் ஓரிடம் பள்ளமாகி, அடுத்த முறை டொக் டொக்கென்று அடிக்கும்.