இராவணன் மீசையை இனங்காணுவோம்: திருகோணமலைக் கரையில் ஒரு புல் பாடம்

புற்களைப் படிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் வயல்வரம்பில் தொடங்கி, ஒன்றையொன்று ஒத்த புற்களுக்கு நடுவே சலித்துப்போகிறார்கள். கடற்கரையில் தொடங்குங்கள். இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல் அடங்கும் ஸ்பினிஃபெக்ஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியே பேரினம்) இனங்கள் மிகச் சில. அவற்றுள் பல ஆஸ்திரேலியக் கரைகளுக்குரியவை. நம் கரையில் வளர்வது ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ்.

படி 1: இடம்
உப்புவெளி, நிலாவெளிப் பக்கம், அலை தொடாத மணல்மேட்டில் அடம்பன் கொடி படரும் இடங்களில் தேடுங்கள். தடித்த செருப்பு அவசியம். இலைநுனி ஊசிபோல் ஏறும்.

படி 2: தண்டும் இலையும்
தண்டு மணல்மேல் நீண்டு ஓடி, கணுக்களில் வேர்விடும். மணல்மேட்டைக் கட்டி வைத்திருப்பவை அந்த வேர்கள்தாம். ஆகவே பிடுங்க வேண்டாம், படம் எடுத்தால் போதும். இலை விறைப்பானது, சாம்பல் பூத்த பச்சை, ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டவை. இலை தண்டைத் தழுவும் இடத்தைக் கைவில்லையால் பாருங்கள்: மயிர் வரிசை தெரியும்.

படி 3: கதிர்
இங்கே அவசரப்படாதீர்கள். ஆண், பெண் கதிர்கள் தனித்தனிச் செடிகளில் தோன்றுவதால், புதியவர்கள் இரண்டையும் வெவ்வேறு புற்கள் என்றே எழுதிவிடுகிறார்கள். பெண் கதிர் ஒரு சாணுக்கும் அகலமான முள்ளுருண்டை. அதன் நீண்ட முள் ஒன்றை மெல்ல விலக்கி அடியைப் பாருங்கள். ஒரே ஒரு சிறுகதிர் (புல்லின் பூக்கள் அடங்கிய சிறு அலகு) ஒட்டியிருக்கும். ஆண் கதிர்க்கொத்திலோ ஒவ்வொரு காம்பிலும் பல சிறுகதிர்கள் இருக்கும். முற்றிய பெண் உருண்டை கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதை பரப்பும். ஒருவகைக் கதிர் மட்டும் கண்ணில் பட்டால் இன்னும் சற்று நடந்து மற்றதையும் தேடுங்கள். இந்தப் புல்லின் அடையாளம் இலையில் அன்று, கதிரில்தான் முழுமையாகிறது.

படி 4: வகைப்பாடு
குறிப்பேட்டில் இப்படி எழுதுங்கள்: குடும்பம் போயேசியே, துணைக்குடும்பம் பானிகோயிடியே, குலம் பானிசியே. நாம் உண்ணும் கம்பும் இதே குலம்தான். 1771இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஸ்பினிஃபெக்ஸ் பேரினத்தை நிறுவி, இப்புல்லுக்கு ஸ்பினிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்று பெயரிட்டார். ஆனால் 1768இலேயே பர்மன் என்னும் தாவரவியலாளர் இதை ஸ்டைப்பா லிட்டோரியா என்று விவரித்திருந்தார். முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. அதன்படி 1912இல் தாவரவியலாளர் மெரில், லின்னேயஸின் பேரினப் பெயரையும் பர்மனின் இனப் பெயரையும் இணைத்து இன்றைய பெயரைத் தந்தார்.

இணையத்தில் ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை: ஆஸ்திரேலியாவின் உட்பாலைப் புல்லையும் ஸ்பினிஃபெக்ஸ் என்றே அழைக்கிறார்கள். அது ட்ரையோடியா என்னும் வேறு பேரினம். அந்தப் படங்களை ஒதுக்கிவிடுங்கள்.